சொல்லத் தெரியாத வயிற்றுவலி

தங்கைகளே, உங்கள் வீட்டில் அறிவுசார் குறைபாடுள்ள தம்பியோ, மகளோ, நாத்தனாரோ இருந்தால் இதை நிதானமாகப் படியுங்கள். என் தம்பிக்கு டவுன் சிண்ட்ரோம். தலை நரைக்கத் தொடங்கிய ஆள். அவனைப் பார்த்துக்கொள்வதில் முக்கியமான வேலை எது என்று கேட்டால், பள்ளிக்கூடத்தையோ பயிற்சியையோ சொல்ல மாட்டேன். "இன்னிக்கு வெளிக்குப் போனானா?" என்று தினமும் வீட்டில் ஒருவர் கேட்க வேண்டும், பதிலை எழுதி வைக்க வேண்டும். அதைத்தான் சொல்வேன்.

மலச்சிக்கல் எல்லோருக்கும் வருவதுதானே என்று தோன்றும். நமக்கு வந்தால் வயிறு மந்தமாக இருப்பது நமக்கே தெரியும். வெந்நீர் குடிப்போம், பழம் சாப்பிடுவோம், சரியாகாவிட்டால் டாக்டரிடம் போவோம். அறிவுசார் குறைபாடுள்ளவர்களில் பலரால் வலி எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியாது. சிலருக்கு வலியே தாமதமாகத்தான் உறைக்கும். அதனால் வயிறு பேசவேண்டியதை நடத்தை பேசும். கையைக் கடித்துக்கொள்வது, தலையைச் சுவரில் மோதுவது, சோற்றுத் தட்டைத் தள்ளிவிடுவது, ராத்திரி முழுக்கத் தூங்காமல் உலாத்துவது, முன்பக்கம் குனிந்தே நடப்பது, அடிக்கடி பின்பக்கம் கை கொண்டுபோவது, வழக்கமாகச் சிரிக்கிற பிள்ளை ஒரு மூலையில் சுருண்டு கிடப்பது.

இதைப் பார்த்ததும் நம் வீடுகளில் வரும் முதல் பேச்சு என்ன? "கோபம் ஜாஸ்தியாயிடுச்சு, டாக்டர்கிட்ட சொல்லி மாத்திரையைக் கூட்டச் சொல்லணும்." மாத்திரை கூடுகிறது. அந்த மாத்திரைகளில் பல குடலை மந்தமாக்குபவை. மலம் இன்னும் இறுகுகிறது, வலி கூடுகிறது, கோபமும் கூடுகிறது. அதனால் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: நடத்தை திடீரென்று மாறினால் முதலில் வயிற்றைப் பாருங்கள், பல்லைப் பாருங்கள், காதைப் பாருங்கள். மனநல மாத்திரை பற்றிய பேச்சு அதற்கப்புறம்.

இது சாதாரண உபாதை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2012 இல் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், டவுன் சிண்ட்ரோம் உள்ள 33 வயது இளைஞர் ஒருவர் மலச்சிக்கலால் இறந்துபோனார். சிறு வயதிலிருந்தே அவருக்கு அந்தத் தொந்தரவு உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் வசித்த இல்லத்தின் பராமரிப்பு முறை மாறியபோது, குடலைக் கண்காணிக்கும் வழக்கம் நழுவிப்போனது. வயிறு பெருத்துக்கொண்டே போனது. மருத்துவமனையில் அவர் உடம்பிலிருந்து எடுத்த மலம் சுமார் 10 கிலோ. வசதியான மருத்துவ அமைப்பு உள்ள நாட்டிலேயே அது நடந்தது. 2023 இல் அந்நாட்டுத் தேசிய சுகாதாரத் துறை, இப்படிப்பட்டவர்களின் குடும்பங்களுக்காகவும் பராமரிப்பாளர்களுக்காகவும் மலச்சிக்கல் பற்றித் தனியாக ஒரு பிரசாரமே நடத்தியது.

இவர்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு அதிகம்? காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கின்றன. டவுன் சிண்ட்ரோமில் தசைகளே தளர்ச்சி, முக்குவதற்கான வயிற்றுத் தசையும் அப்படித்தான். அவர்களுக்குத் தைராய்டு சுரப்பு குறைவதும் சகஜம். தைராய்டு குறைந்தால் குடல் வேகமும் குறையும், ஆகவே வருஷம் ஒருமுறை தைராய்டு ரத்தப் பரிசோதனை கட்டாயம். மூளை முடக்குவாதம் உள்ளவர்கள் நடமாட முடியாமல் ஒரே நிலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். சிலர் மெல்ல முடியாமல் குழைந்த சோறு மட்டுமே சாப்பிடுகிறார்கள். பல் சொத்தையை யாரும் கவனிக்காததாலேயே காய்கறியை ஒதுக்கிவிட்டவர்களும் உண்டு. அந்தப் பல்லைச் சரிசெய்தால் சாப்பாடும் சரியாகும். பிறந்ததிலிருந்தே மலச்சிக்கலும் வயிறு உப்பலும் இருந்தால், குடலின் கடைசிப் பகுதியில் நரம்பு உருவாகாத ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோயா என்று பார்க்கச் சொல்லுங்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களிடம் அது மற்றவர்களைவிட அதிகம். மண், முடி, பிளாஸ்டிக் என்று கிடைத்ததை விழுங்கும் பழக்கம் இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அதுவே குடலை அடைத்துவிடலாம்.

மாத்திரைப் பட்டியலை எடுங்கள்

மாத்திரை டப்பாவில் இருப்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். மனநல மாத்திரைகளில் ஒலான்சபின், குளோசபின் இருக்கிறதா? மனநல மாத்திரைகளால் கை நடுக்கமும் உடம்பு இறுக்கமும் வராமலிருக்க ட்ரைஹெக்ஸிஃபெனிடில் கொடுத்திருக்கிறார்களா? தூக்கத்துக்கோ மனச்சோர்வுக்கோ அமிட்ரிப்டிலின்? ரத்தசோகைக்கு இரும்புச்சத்து, எலும்புக்குக் கால்சியம், இருமலுக்குக் கோடீன் கலந்த மருந்து? இவை ஒவ்வொன்றும் மலத்தை இறுக்கக்கூடியவை. மூன்று நான்கு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். குளோசபின் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். அது குடல் இயக்கத்தையே நிறுத்திவிடக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2020 இல் எச்சரிக்கையைக் கடுமையாக்கியது.

பட்டியலைப் பார்த்துவிட்டு நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். டாக்டரிடம் தாளை நீட்டி, "இதில் எது மலச்சிக்கலைக் கொண்டுவரும்? எதைக் குறைக்கலாம்? குறைக்க முடியாது என்றால் கூடவே மலமிளக்கி எழுதித் தருகிறீர்களா?" என்று கேளுங்கள். இந்த மூன்று கேள்விக்கும் பதில் வாங்காமல் எழுந்து வராதீர்கள்.

நோட்டு ஒன்று போடுங்கள்

பத்து ரூபாய் நோட்டுப்புத்தகம் போதும். தேதி, நேரம், கொஞ்சமா நிறையவா, எப்படி இருந்தது, முக்கினானா, ரத்தம் பட்டதா, அன்றைக்கு மனநிலை எப்படி. இவ்வளவுதான். எப்படி இருந்தது என்பதற்கு டாக்டர்கள் பயன்படுத்தும் பிரிஸ்டல் அட்டவணை கைகொடுக்கும். அதில் மலத்தை 7 வகையாகப் படம் போட்டிருப்பார்கள். 1 என்றால் ஆட்டுப் புழுக்கை மாதிரி கெட்டி உருண்டைகள், 2 என்றால் அவை ஒட்டிய கட்டி, 7 என்றால் வெறும் தண்ணீர். 3ம் 4ம்தான் நமக்கு வேண்டியவை. படத்தைப் பிரிண்ட் எடுத்துக் கழிவறைக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டால், நோட்டில் எண்ணை மட்டும் குறித்தால் போதும். படிக்கத் தெரியாதவர்களும் படத்தைத் தொட்டுக் காட்டிவிடுவார்கள்.

வாரத்தில் மூன்று முறைக்கும் குறைவாகப் போனாலோ, போனாலும் 1, 2 வகையாகவே இருந்தாலோ அது மலச்சிக்கல்தான். தினமும் போகிறான் என்பதை வைத்து நிம்மதி அடைந்துவிடவும் கூடாது. தினமும் இரண்டு உருண்டை வெளியேறி, மீதி உள்ளேயே தேங்கலாம்.

ஒரு விஷயத்தை எல்லாரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். உள்ளாடையில் அடிக்கடி தண்ணீராகக் கறை படுகிறது, "வயித்தாலே போகுது" என்று மருந்துக்கடையில் பேதியை நிறுத்தும் மாத்திரை வாங்கிக் கொடுக்கிறார்கள். உள்ளே கெட்டியான மலம் அடைத்திருக்க, அதன் ஓரமாக நீர்மலம் கசிந்து வருவதாக இருக்கலாம் அது. அதற்குப் பேதியை நிறுத்தும் மாத்திரை கொடுத்தால் அடைப்பு இறுகும். நாலைந்து நாளாகச் சரியாகப் போகாமல் இருந்து, அப்புறம் கசிவு தொடங்கினால் டாக்டரிடம்தான் போக வேண்டும். புதிதாகப் படுக்கையை நனைப்பது, சிறுநீர் சொட்டுச் சொட்டாக வருவது, திரும்பத் திரும்ப நீர்த்தொற்று வருவது இவையும் நிறைந்த மலக்குடல் சிறுநீர்ப்பையை அழுத்துவதால் வரலாம்.

தானாகவே கழிவறைக்குப் போய்வரும் பெரியவர்கள் விஷயத்தில் வீட்டுக்கு எதுவுமே தெரியாது. அதனால் மலச்சிக்கல் யார் கண்ணிலும் படாமல் போகும் ஆபத்து அவர்களுக்கு உண்டு. "போனியா?" என்றால் "ம்" என்பார்கள், எதற்கும் "ம்" என்பார்கள். தண்ணீர் ஊற்றாமல் வந்து கூப்பிடச் சொல்லிப் பழக்குங்கள். முடியாதென்றால் காலண்டரில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லுங்கள். ஆனால் வயசு வந்தவர்கள் என்ற மரியாதையை விடாதீர்கள். கதவு சாத்தியே இருக்கட்டும், தொடும் முன் சொல்லிவிட்டுத் தொடுங்கள், விருந்தாளிகள் முன்னால் இதைப் பேசாதீர்கள். ஆண்பிள்ளைக்கு அப்பாவோ அண்ணனோ இந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளட்டும். எல்லா வேலையும் அம்மா, அக்கா தலையிலேயே விழ வேண்டும் என்று சட்டம் கிடையாது.

உட்காரும் விதம்

சாப்பிட்டு 20, 30 நிமிஷத்தில் குடல் தானாக அசையும். காலை டிபனுக்குப் பிறகு அந்த அசைவு நன்றாக இருக்கும். எனவே ஸ்கூல் வேன் வரும் அவசரத்தில் அள்ளித் திணித்து ஓடவிடாமல், அரை மணி முன்னதாக எழுப்பி, சாப்பிட வைத்து, பிறகு உட்கார வையுங்கள். ஐந்திலிருந்து பத்து நிமிஷம் போதும். வரவில்லை என்றால் எழுந்து வந்துவிடட்டும், திட்ட வேண்டாம். திட்டு வாங்கிய இடத்துக்கு மறுநாள் போக மாட்டார்கள், அடக்கிக்கொள்வார்கள். அடக்க அடக்க மலம் காய்ந்து பெரிதாகும், போகும்போது வலிக்கும், அந்த வலிக்குப் பயந்து இன்னும் அடக்குவார்கள்.

குந்தி உட்காரும் நம் பழைய கழிவறை குடலுக்கு நல்லது. மலக்குடலை வளைத்து இழுத்து வைத்திருக்கும் தசை, குந்தும்போது தளர்ந்து வழியை நேராக்கும். முழங்கால் வலி, உடல் பருமன், கால் இறுக்கம் உள்ளவர்களுக்கு வெஸ்டர்ன் டாய்லெட்தான் வழி. அதில் கால் அந்தரத்தில் தொங்கினால் முக்கவே முடியாது. காலுக்கடியில் அசையாத ஒரு மணைப்பலகை போடுங்கள், முழங்கால் இடுப்பைவிடக் கொஞ்சம் மேலே வரட்டும், உடம்பு லேசாக முன்னால் சாயட்டும். பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கம்பி வேண்டும், விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் இருக்கும் உடம்பு தளரவே தளராது. எப்படி முக்குவது என்று தெரியாதவர்களிடம் ஊதலோ காத்தாடியோ கொடுத்து ஊதச் சொல்லுங்கள், வயிற்றுத் தசை தானாக வேலை செய்யும்.

ஆட்டிசமும் சேர்ந்து உள்ளவர்களுக்குக் கழிவறையே பயமாக இருக்கலாம். ஃபேன் இரைச்சல், ஃபிளஷ் சத்தம், பினாயில் வாடை, ஈரத் தரை, மங்கிய வெளிச்சம், எது பயமுறுத்துகிறது என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு நிற்கும் பயிற்சியும், வயிற்றை வலது கீழ்ப்பக்கத்திலிருந்து மேலே, குறுக்கே, இடது பக்கம் கீழே என்று மெதுவாகத் தடவிவிடும் மசாஜும் உதவலாம். பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒருமுறை கற்றுக்கொண்டு செய்யுங்கள். சென்னை அருகே முட்டுக்காட்டில் உள்ள பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனத்தில் இந்தச் சிகிச்சைப் பிரிவுகள் இருக்கின்றன.

தண்ணீரும் சாப்பாடும்

தாகம் எடுத்தாலும் கேட்கத் தெரியாத பிள்ளைக்கு நாம்தான் நேரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். பல இடங்களில் நேர்மாறாக நடக்கிறது. சிறுநீர் கழிக்க அழைத்துப் போவது சிரமம் என்று பயண நாளில் தண்ணீரைக் குறைக்கிறார்கள், பகல்நேர மையத்திலும் குறைக்கிறார்கள். பாட்டில் நிரம்பியபடியே திரும்பி வருகிறதா என்று சாயங்காலம் பாருங்கள். வெறும் தண்ணீர் பிடிக்காதவர்களுக்கு மோர், ரசம், பருப்புத் தண்ணீர், இளநீர். தண்ணீரைக் குடிக்கும்போது புரையேறுகிறவர்களுக்குக் கேழ்வரகுக் கூழ், கம்மங்கூழ் மாதிரி கெட்டியானவை சுலபம். இதயம், சிறுநீரகம் சரியில்லாதவர்களுக்கு எவ்வளவு என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெள்ளைச் சோறும் தயிரும் தவிர எதையும் தொடாத பிள்ளைகளை எனக்குத் தெரியும். பிஸ்கட்டும் பாலுமே ஆகாரமாக இருப்பவர்களையும் தெரியும். அவர்கள் தட்டில் கீரையைக் குவித்துச் சண்டை போடாதீர்கள். தோசை பிடிக்கும் என்றால் மாவில் முருங்கைக்கீரையை அரைத்துக் கலக்கலாம், துவரை, கடலைப்பருப்பு அரைத்து அடையாக வார்க்கலாம். சப்பாத்தி மாவில் துருவிய சுரைக்காய், தயிர்சோற்றில் மசித்த வாழைத்தண்டு, சாயங்காலம் பிஸ்கட்டுக்குப் பதில் பப்பாளி, நன்றாகப் பழுத்த கொய்யா. ராத்திரி ஊறவைத்த கறுப்புத் திராட்சையை மசித்து அந்தத் தண்ணீரோடு காலையில் கொடுங்கள். ஒரு வாரத்துக்கு ஒரு மாற்றம் போதும், ஒரேயடியாக நார்ச்சத்தைக் கூட்டினால் வயிறு உப்பி வலிக்கும். மலம் ஏற்கெனவே அடைத்துக் கிடக்கும்போது நார்ச்சத்தை ஏற்றவே ஏற்றாதீர்கள். முதலில் அடைப்பு நீங்க வேண்டும், பிறகுதான் இதெல்லாம். பால் நிறையக் குடிப்பவர்களுக்கு அதைக் குறைத்துப் பாருங்கள், சிலருக்கு உடனே வித்தியாசம் தெரியும்.

வீட்டு வைத்தியத்தில் எச்சரிக்கை

இந்தப் பகுதியைத் தயவுசெய்து வீட்டுப் பெரியவர்களிடம் வாசித்துக் காட்டுங்கள். மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் ஊற்றும் பழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. விழுங்குவதில் சிரமம் உள்ளவருக்கு எண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரல் கெட்டுவிடும். மருந்துக்கடையில் கிடைக்கும், லிக்விட் பாரஃபின் கலந்த வெள்ளை மருந்துகளுக்கும் இது பொருந்தும். புரையேறுகிறவர்களுக்கும் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கும் அவை வேண்டாம். வெற்றிலைக் காம்பு, சோப்புத் துண்டு, சோப்புத் தண்ணீர் எனிமா எதுவும் வேண்டாம், உள்தோல் புண்ணாகும். இசப்கோல் நல்லதுதான், ஆனால் கூடவே தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். குடிக்காதவருக்குக் கொடுத்தால் அது உள்ளேயே கட்டியாகி அடைக்கும்.

டாக்டர்கள் பெரும்பாலும் எழுதித் தருவது லாக்டுலோஸ் சிரப், அல்லது தண்ணீரில் கரைக்கும் பாலிஎத்திலீன் கிளைக்கால் பவுடர். இரண்டும் குடலுக்குள் தண்ணீரைப் பிடித்துவைத்து மலத்தை இளக்குகின்றன. லாக்டுலோஸ் வேலை செய்ய ஒன்றிரண்டு நாள் ஆகும், முதல்நாளே பலனில்லை என்று விட்டுவிடாதீர்கள். "பழகிப்போயிடும்" என்ற பயத்தில் பாதியில் நிறுத்துவதுதான் இங்கே நடக்கும் பெரிய கெடுதல். நாளாக நாளாக மலம் தேங்கி விரிந்துபோன குடல் பழைய நிலைக்கு வர மாதங்கள் ஆகலாம். தைராய்டு மாத்திரை போல இதையும் சிலர் நீண்ட காலம் சாப்பிட வேண்டியிருக்கும். குறைப்பதாக இருந்தால் நோட்டைப் பார்த்து, டாக்டர் சொல்படி குறைக்கலாம்.

டாக்டரிடம் போகும்போது நோட்டையும் மாத்திரைத் தாளையும் எடுத்துப் போங்கள். "இவன் எப்பவும் இப்படித்தான்" என்ற பதிலோடு உங்களை அனுப்பப் பார்த்தால், "இல்லை டாக்டர், இந்தத் தேதியிலிருந்துதான் இப்படி, அதற்கு முன்னால் இப்படி இல்லை. வயிற்றைத் தொட்டுப் பாருங்கள்" என்று உறுதியாகச் சொல்லுங்கள். குறைபாட்டின் மேல் பழியைப் போட்டு நோயைத் தவறவிடுவது உலகம் முழுக்க நடக்கிறது. உங்கள் நோட்டில் இருக்கும் தேதிகள்தான் அதற்கு மறுப்பு.

இவற்றில் எது தெரிந்தாலும் காத்திருக்காமல் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்: வயிறு கல்லாக உப்பியிருப்பது, காற்றுகூடப் பிரியாமல் இருப்பது, வாந்தி, அதிலும் பச்சையாகவோ மலவாடையோடோ வருவது, வயிற்றைத் தொட்டாலே அலறுவது, காய்ச்சலோடு சோர்ந்து கண் சொருகுவது, ரத்தம் நிறையப் போவது. அந்த நேரத்தில் மலமிளக்கி கொடுக்க வேண்டாம், சாப்பிடவும் கொடுக்க வேண்டாம். "இவருக்கு வலியைச் சொல்லத் தெரியாது, இத்தனை நாளாகப் போகவில்லை" என்பதை மருத்துவமனையில் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

செலவுக்கு ஒரு வழி: மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்தும் நிராமயா காப்பீட்டில் அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகை ஊனம் உள்ளவர்கள் சேரலாம். ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, வெளிநோயாளிச் செலவும் சேர்த்துக் கிடைக்கும். சேரும் முன் மருத்துவப் பரிசோதனை கேட்க மாட்டார்கள். செலவழித்த பில்களைக் கொடுத்துத் திரும்பப் பெற வேண்டும், அதனால் மருந்துக்கடைச் சீட்டைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள்.

கடைசியாக, அக்கா தங்கைகளாக இருக்கும் நமக்கு. அம்மா இருக்கும்வரை எல்லாம் அம்மாவின் மனசுக்குள் இருக்கும். எந்த நேரத்துக்கு உட்காருவான், எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, வலி வந்தால் எந்தக் கையைக் கடிப்பான் என்று அவருக்கு மட்டும் தெரியும். அம்மாவுக்குப் பிறகு தம்பி உங்கள் வீட்டுக்கு வரலாம், ஒரு ஹோமுக்குப் போகலாம். கை மாறும் அந்த நாளில்தான் இந்தக் கவனிப்பு அறுந்துபோகிறது. இந்த வாரமே அம்மாவோடு உட்கார்ந்து அதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பிரதி ஸ்கூலுக்கு, ஒன்று உங்களுக்கு, ஒன்று அவனுடைய மருத்துவ ஃபைலுக்கு. ஹோமில் சேர்ப்பதாக இருந்தால், குடல் நோட்டு எழுதுவார்களா, யார் எழுதுவார்கள், எத்தனை நாள் போகாவிட்டால் உங்களுக்குப் போன் செய்வார்கள் என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே சேர்த்துவிடுங்கள்.